மாரப்பனுக்குப் பக்கத்தில் படுத்தவன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, வேறு யாரையாவது கேளுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். தோள்பட்டை கெட்டுப்போய், இனி விளக்குத் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வயதாகும் முன்பே வீட்டில் உட்கார்ந்துவிட்டவன். அப்புறம் யோசித்தேன். ஸ்டாண்டு எங்கே வைப்பது, வயர் எப்படி இழுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வேலை செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். வேலையில் இருக்கும்போது கைக்கு வராத ஒன்று உண்டு. அது எனக்கு ஒரு மத்தியான வேளையில் தெரிந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் இன்று சாதாரணமாகக் கையெழுத்துப் போடும் சின்னப் பட ஒப்பந்தம் நான் லைட்மேனாக வந்த புதிதில் கிடையாது. பெரிய படமோ சின்னப் படமோ, சங்கத்து ஆட்களை வைத்தால் ஒரே சம்பளம்தான், இத்தனை ஆள் வைத்தாக வேண்டும் என்ற விதியும் ஒன்றுதான். சொந்த முயற்சியில் படம் எடுக்க வந்த பிள்ளைகளுக்கு அது கட்டுப்படியாகாது. எங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவார்கள். கல்யாண வீடியோக்காரரையும் பந்தலுக்கு சீரியல் லைட் போடுகிறவரையும் வைத்து எடுப்பார்கள். படம் இருட்டடித்துப் போகும், யாருக்காவது கை வெந்து போகும். நாங்களோ வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்போம்.

தொண்ணூறுகளின் கடைசியில் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. சின்னப் படம் என்றால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது, மிச்சத்தைப் படம் விற்றால் வாங்கிக்கொள்வது, குறைந்த ஆட்களோடு வேலை செய்வது, ஆள் சம்மதித்தால் ஒருவரே இரண்டு வேலை பார்ப்பது என்று ஒரு தனி ஒப்பந்தம். அதனால்தான் திண்டுக்கல்லிலேயே இருந்துகொண்டு எங்களைப் போன்றவர்கள் பிழைக்க முடிந்தது. சென்னைக்குப் போகாமல், வீட்டுச் சோறு தின்றுவிட்டு, சினிமா வேலைக்குப் போனவர்கள் நாங்கள்.

நான் சொல்லப்போகும் படத்துக்கு ஒப்பந்தம் போட்டது நாகல் நகரில் ஒரு லாட்ஜின் மாடி அறையில். டைரக்டர் திண்டுக்கல்காரர், ஒரு வாத்தியார் மகன், வயதில் எனக்கு இளையவர். சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் பெயரை எழுதினால் திட்டுவார், விட்டுவிடுகிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்துவிட்டு அவரே எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது முக்கியம். ஆளுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மூத்த லைட்மேன் எந்த ஷாட்டையும் நிறுத்தலாம். ஃபிலிம் வீணாப் போச்சேன்னு பின்னாடி யாரும் கேக்கக் கூடாது. எம்புட்டுச் சின்னப் படமா இருந்தாலும் இதை மட்டும் கொறைக்கலை. மூத்த ஆள் நீதானய்யா?"

நான் பதில் சொல்வதற்குள் சவரிமுத்து சிரித்துவிட்டான். எங்கள் யூனிட்டில் என்னோடு அதிக நாள் இருந்தவன் அவன். ஒல்லியான, கருத்த ஆள். வாய் ஓயாது.

"யாரு, எங்க அண்ணனா நிறுத்துவாரு? இவரு கண்டக்டர்கிட்ட ஸ்டாப்பிங் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கி நடந்து வார ஆளுய்யா. பஸ்ஸையே நிறுத்தச் சொல்லாதவரு படத்தையா நிறுத்தப் போறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

பழனிக்கு அருகே கீரனூர்ப் பக்கம் ஒரு பழைய புகையிலைக் குடோனைப் பிடித்திருந்தார்கள். சுற்றிலும் வெறும் மானாவாரிக் காடு. தூரத்தில் தென்னந்தோப்பு தெரியும். தகரக் கூரை. சன்னல் என்று பேருக்கு இரண்டு, அதற்கும் பலகைக் கதவு. உள்ளே புகையிலை வைத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் உள்ளே போனதும் அந்த வாசனை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் தலை கனக்கும். அதன் பாதியை மறைத்து, ஒரு வீட்டின் கூடம் மாதிரி ஜோடித்திருந்தார்கள்.

மறைக்காமல் விட்ட சுவரில், கை எட்டும் உயரத்தில், கரித்துண்டால் மாரப்பன் என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. படத்தில் செத்துப்போகிற ஆளுக்கு அதுவரை சரியான பெயர் அமையாமல் இருந்தது. டைரக்டர் இடம் பார்க்க வந்த அன்றே அந்தச் சுவரைப் பார்த்து, "நல்ல பேரா இருக்கே" என்று அதையே வைத்துவிட்டார். கதை முழுக்க மாரப்பன், மாரப்பன் என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவன் முகம் வருவது சாவுக் காட்சியில் மட்டும்தான்.

அந்தக் காட்சியை எடுக்கவேண்டிய நாளில், பிணமாகப் படுக்கப் பழனியிலிருந்து வரவேண்டிய நாடகக்காரர் வரவில்லை. காய்ச்சலாம். ஒப்பாரிக்குக் கீரனூரிலிருந்து பொம்பளைகள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் இருந்த ஃபிலிமும், மிச்சக் காட்சிகளுக்குப் போக, அதை ஒரே தடவை எடுக்கத்தான் காணும். அதற்கு மேல் வாங்க வழியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். டைரக்டர் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கண் சவரியின் மேல் நின்றது.

"சவரி அண்ணே, நீங்க படுக்கிறீங்களா?"

"நானா? எங்க வேதக்கார ஆளுங்களுக்குச் சவப்பெட்டிதான் சார் வழக்கம். பாடையில படுத்தேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி சர்ச்சுல எனக்கு இப்பவே பூசைக்கு எழுதி வச்சிருவா."

"வசனம் கூடக் கெடையாது. சும்மா படுத்தாப் போதும்."

"சும்மா படுக்கிறதுன்னா அண்ணனைக் கேளுங்க, நான் அதுல கெட்டிக்காரன்னு சொல்வாரு."

சம்மதித்துவிட்டான். ஒப்பந்தப்படி அதில் தவறில்லை. ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம், அவன் சம்மதமும் இருக்கிறது. நானும் சரியென்றுதான் நினைத்தேன்.

இங்கே நம் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்திரிக்க வேண்டும். எழுந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் பாடையில் படுத்திருக்கும்வரை சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டோம். கதையில் உள்ள பெயரைத்தான் சொல்லுவோம். சாவு வந்த வீட்டில் சொந்தப் பெயரைச் சொல்லி அதற்கு ஆளை அடையாளம் காட்டக் கூடாது என்பது நம்பிக்கை. எந்த ஒப்பந்தத்திலும் எழுதாதது. ஆனால் ஒப்பந்தத்தை மீறுகிறவர்கள்கூட இதை மீறமாட்டார்கள்.

கீரனூர்ப் பொம்பளைகள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பாடுகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெட்டையான ஆள். மற்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், இவர் மட்டும் வாசலிலேயே நின்றார். கூரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

"ஏனுங்க, கதவைச் சாத்திப்போடுவீங்களா?"

"சாத்தித்தாம்மா ஆகணும். உங்க பாட்டை அப்படியே இங்கயே பதிவு பண்றோம். வெளிச்சத்தம் வந்தாக் கெட்டுரும். ஃபேனும் கிடையாது" என்றார் உதவி டைரக்டர்.

"செத்தவரு பேரு என்னங்க?"

"மாரப்பன்."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "வேற பேரு வெச்சுக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முன்னாடி எடுத்ததுல எல்லாம் அந்தப் பேரு வந்துருச்சேம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்லீங்க."

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கரியால் எழுதியிருந்த சுவரின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அப்படித் திரும்பாமல் போக முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சவரிக்கு மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்து, தாடையைச் சேர்த்துத் துணி கட்டினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் கட்டினார்கள். வேட்டியின் மேல் ஒரு கோடிப் போர்வை. கட்டி முடிக்கும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். டைரக்டர் அவன் பக்கத்தில் குனிந்தார்.

"ஒரே டேக்தான் மாரப்பா. அவங்க மேல விழுந்து அழுவாங்க, நெஞ்சில அடிப்பாங்க, முகத்தைப் புடிச்சு ஆட்டுவாங்க. என்ன நடந்தாலும் அசையக் கூடாது."

பொம்பளைகளிடமும் அதேதான் சொன்னார். "என்ன நடந்தாலும் பாட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை."

கதவைச் சாத்தினார்கள். வெளியே உச்சி வெயில். உள்ளே எங்கள் விளக்குகள். தகரம் சுட்டு அந்தச் சூடு மேலிருந்து இறங்கியது. முதலில் ஒத்திகை பார்த்தார்கள். சவரிக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மேக்கப்காரர் ஓடி ஓடித் துடைத்தார். "பொணத்துக்கு இம்புட்டு வேர்க்குமாய்யா?" என்று அலுத்துக்கொண்டார். சவரியின் உதடு சிரிப்பை அடக்கியது. மறுபடி ஒத்திகை. மறுபடி துடைத்தார்.

நான் கூடத்தின் மறுகோடியில் என் விளக்கோடு நின்றேன். சவரி வழக்கமாக நிற்கும் விளக்கு, பாடையின் தலைமாட்டில் இருந்தது. கூட்டத்துக்கு மிக அருகில் உள்ள விளக்கு எப்போதும் அவனுடையதுதான். ஷாட்டுக்கு நடுவில் அதைத் திருப்பி வைப்பான், கதவைத் திறப்பான், யாருக்காவது மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் முதலில் பார்க்கிறவனும் அவனே. இன்று அந்த விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆள் இல்லை.

டேக் தொடங்கியது.

ஒப்பாரியை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அடைத்த தகரக் கொட்டகைக்குள் கேட்டிருக்க மாட்டீர்கள். குரல் கூரையில் போய் இடித்து, யாரோ மேலே உட்கார்ந்து திருப்பிப் பாடுகிற மாதிரி இறங்கியது. மாரப்பா, மாரப்பா என்று பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டார்கள். முன்பாட்டுக்கார அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, சவரியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பாடினார். வாசல் தாண்டி வந்தேனே, வாய் திறந்து பேசலையே என்று எல்லாச் சாவுக்கும் பாடுகிற பாட்டுத்தான்.

நடுவில் அது மாறியது. ராகம் மாறவில்லை. வார்த்தைதான் மாறியது.

"தொட்ட கையி சுடுதே சாமி
தூங்கறவன் ஒடம்பு கொதிக்குதே
செத்த ஒடம்பு கொதிக்குமா
சேர்ந்த சனம் பாக்கலையா
கதவத் தொறக்க ஆளில்லையா
காத்து வர வழியில்லையா
மாரப்பன் போன வழியில
மறுபடியும் ஒருத்தன் போறானே"

மற்ற பொம்பளைகள் அந்தக் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். மறுபடியும் ஒருத்தன் போறானே. டைரக்டரின் கண்ணில் தண்ணீர் நின்றது. கேமராக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நெருங்கிப் போனார். நல்ல பாட்டு என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அந்த அம்மா பாடிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அழுகிறவர் பார்க்கிற பார்வையாக அது இல்லை. கூட்டத்தில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிற பார்வை. கடைசியில் என்னிடம் வந்து நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் பாடினார், கதவத் தொறக்க ஆளில்லையா என்று.

நான் சவரியின் முகத்தைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

டேக் தொடங்கியபின் யாரும் துடைக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் வேர்வை வழிந்து கண் எரிந்தது. பொம்பளைகளின் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. விளக்குக்கு நேர் கீழே கிடந்த அவன் முகத்தில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அசையாமல் படுக்கச் சொன்னதால் அசையாமல் படுத்திருக்கிறான் என்றும் சொல்லலாம். ஆனால் அங்கே கிடப்பது சவரி இல்லை என்று தோன்றியது.

தம்பி, இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். அவன் நன்றாக இருந்து நான் ஷாட்டைக் கெடுத்திருந்தால், அந்தப் படம் அன்றோடு நின்றிருக்கும். சங்கத்து ஆட்களை வைத்தால் இப்படித்தான் என்று அடுத்த டைரக்டரிடம் பேச்சுப் போயிருக்கும். அப்போதுதான் முளைவிட்டிருந்த ஒப்பந்தம் அது. அதை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் மனதில் ஓடியது. நிறுத்தலாம் என்று தாளில் எழுதியிருந்தது. என் தொண்டையில் எழுதியிருக்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

அப்போது அந்த ஆளில்லாத விளக்கைப் பார்த்தேன். சவரி அங்கே நின்றிருந்தால், பாடையில் வேறு யாராவது கிடந்திருந்தால், அவன் இந்நேரம் என்ன செய்திருப்பான்?

"சவரி!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. மேக்கப்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஷாட்டைக் கெடுத்தது யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. பாடையில் கிடப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் என்பதுதான் உறைத்தது. அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். ஷாட் கெட்ட பிறகு அசையலாமே. சிரித்துக்கொண்டு எழுந்து, "என்னண்ணே, பஸ்ஸை நிறுத்திட்டீங்க" என்று கேட்கலாமே. அவன் அசையவில்லை.

"ஏலே சவரி!"

கூரைதான் திருப்பிச் சொன்னது. நான் கை பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். விளக்கெல்லாம் போனது. பட்டப்பகலில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. தகரத்தில் ஆணி போன ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கேமரா மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"யாரு கட் பண்ணது? யாரு?" டைரக்டரின் குரல்.

"கதவைத் திறங்க சார். முதல்ல கதவைத் திறங்க."

அது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது அந்த அம்மா மாலையைப் பிய்த்து எறிந்து, தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார். சவரியைத் தொட்டேன். விளக்கின் மூடியைத் தொட்ட மாதிரி சுட்டது. கண் பாதி திறந்து வெள்ளையாக இருந்தது. மூச்சு இருந்தது, நாய் இளைப்பது மாதிரி. குடத்துத் தண்ணீரை அப்படியே மேலே ஊற்றினோம். டைரக்டர்தான் கால் பக்கம் தூக்கினார். பெருவிரல் கட்டை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வேனில் ஏற்றினோம். பழனிக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மா தன் முந்தானையை நனைத்து நனைத்து அவன் தலையில் வைத்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க சாமி, உட்டுப்போடாதீங்க" என்றார். நான் கூப்பிட்டுக்கொண்டே போனேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக, அவ்வளவு தூரம் நான் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் டைரக்டரும் நானும் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எப்படிம்மா தெரிஞ்சது உங்களுக்கு?"

"நானு அந்தக் குடோன்ல வேலை செஞ்சவளுங்க. மாரப்பன்னு ஒருத்தரு எங்களோட மூட்டை தூக்குனாரு. ஒரு நா மத்தியானம், ஆளுக கண்ணுல படாம தூங்கோணும்னு கதவைச் சாத்திப்போட்டு, பொகையிலைக் கட்டைத் தலைக்கு வெச்சுப் படுத்தாரு. நாங்க போயிப் பாத்தோமுங்க. நல்லாத் தூங்கறாரு, எழுப்புனா வைவாருன்னு சிரிச்சுக்கிட்டே வந்துட்டோம். சாயங்காலம் தொட்டுப் பாத்தப்பவும் ஒடம்பு சுட்டுது. ஆளு இல்லீங்க."

ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "இந்தத் தம்பி முகத்தைப் புடிச்சேன். அதே சூடு. பாட்டை நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க, பாட்டுலயே சொன்னேன். எல்லாரும் நல்லாப் பாடறேன்னு பாக்கறாங்க."

சவரி மறுநாள் காலையில் கண் திறந்தான். வெப்பம் தாக்கியிருக்கிறது, அதில்தான் வேர்வை நின்றுபோனது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அண்ணே, எல்லாரும் மாரப்பா மாரப்பான்னு கூப்பிட்டீங்கள்ல."

"ஆமா."

"என்னையத்தான் கூப்பிடுறாங்கன்னு முதல்ல கெடந்தேன். அப்புறம் பாத்தா, பக்கத்துல ஒருத்தரு படுத்திருந்தாரு. சுவத்துப் பக்கமா. அவரைத்தான் கூப்பிடுறாங்கபோல, நமக்கென்னன்னு விட்டுட்டேன். அவரும் எந்திரிக்கலை, நானும் எந்திரிக்கலை."

"யாருடா?"

"தெரியலைண்ணே. தலைக்கு ஒரு கட்டு வச்சிருந்தாரு. இலைக் கட்டு மாதிரி."

வராந்தாவில் அந்த அம்மா சொன்னது எனக்கும் டைரக்டருக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் சவரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, அப்படிக் காய்ச்சல் ஏறினால் மூளை எதை எதையோ காட்டும் என்றார். இருக்கலாம். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

டைரக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணே, ஃபிலிம் போச்சேன்னு நான் கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எழுதாட்டியும் கேட்டிருக்க மாட்டேன்." பிறகு, "எங்க தப்புப் பண்ணோம்?" என்று கேட்டார்.

எனக்குக் கோவையாகப் பேசவராது. ஆனால் அன்று தெரிந்ததைச் சொன்னேன். ஒருத்தன் இரண்டு வேலை பார்க்கிறான் என்றால் ஓர் இடம் காலியாகிறது சார். சவரி பாடைக்குப் போனான், அவன் விளக்குக்கு யாரும் வரவில்லை. அந்த இடத்தில் நின்று பார்க்கவேண்டிய கண் படுத்துக்கிடந்தது. அவன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அதற்கும் நம் வழக்கம் விடவில்லை.

சங்கத்திலும் இதையே சொன்னோம். நானாகப் பேசவில்லை, டைரக்டர்தான் எனக்காகப் பேசினார். நம் ஒப்பந்தத்தில் இன்று நீங்கள் பார்க்கும் அந்த வரி, கேமராவுக்கு முன்னால் போகிற தொழிலாளியின் இடத்தில் வேறொருவர் நிற்கவேண்டும் என்பது, அப்படி வந்ததுதான். ஆள் குறைவு என்பதால் சின்னப் படத்தில் அது பாரம்தான். அந்த வரியோடும் கையெழுத்துப் போட டைரக்டர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை யாரும் எழுதவில்லை. அதை எழுதவும் முடியாது. எங்கள் யூனிட்டில் மட்டும், பாடையில் கிடப்பவனை ஷாட்டுக்கு ஷாட் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வாங்கிய பிறகுதான் அடுத்த விளக்கைப் போடுவோம். பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மிச்சமிருந்த காட்சிகளை எடுக்கக் குடோனுக்குத் திரும்பியபோது, அந்தச் சுவரைச் சுண்ணாம்பு அடித்துவிடலாமா என்று டைரக்டர் அந்த அம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அவர் சொல்லியனுப்பிய பதில்: "அழிக்க வேண்டாமுங்க. கதவை மட்டும் தொறந்து வெய்யுங்க."

நடுப்பகலில் அந்தக் குடோனில் தனியாக நிற்க அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் மனது வரவில்லை. வயர் சுருட்டும்போதுகூட இரண்டு பேராகவே போனோம். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை அந்தக் கல் தள்ளிக் கிடந்தது. எடுத்து மறுபடி வைத்தோம்.

படம் முடிந்து, வெகுநாள் கிடந்து, ஒருவழியாகத் திண்டுக்கல்லில் வெளியானது. சவரியும் நானும் மேட்னி ஷோவுக்குப் போனோம். கூட்டம் அதிகமில்லை. ஃபிலிம் இல்லாததால் அந்தச் சாவுக் காட்சியை டைரக்டர் மறுபடி எடுக்கவே இல்லை. இருந்ததை எப்படிச் சேர்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

திரையில் ஒப்பாரி வந்தது. சவரி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான். தன் பிணத்தைத் தானே பார்ப்பது யாருக்கும் சுகமாக இராது. தொட்ட கையி சுடுதே சாமி என்று அந்த அம்மா பாடினார். முகத்தை நிமிர்த்தித் தேடினார். அந்தப் பார்வை இப்போது திரையிலிருந்து நேராக எங்கள் வரிசைக்கு வந்து நின்றது. அப்போது திரையில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தினான்.

"சவரி!"

பாட்டு நின்றது. திரையில் எல்லா முகமும் பாடைப் பக்கம் திரும்பியது. அடுத்து, "ஏலே சவரி!" உடனே விளக்குப் போய்த் திரை முழுக்க இருட்டு. டைரக்டர் அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார். தியேட்டரின் பின் வரிசையில் யாரோ பக்கத்து ஆளிடம், "செத்தது மாரப்பன்ல? யாருடா சவரி?" என்று கேட்டது காதில் விழுந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அந்த இருட்டு முடியவே முடியாது போலிருந்தது.

அப்போது என் முழங்கையில் ஒரு கை பட்டது. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சவரி பதில் சொன்னான்.

"இருக்கேண்ணே."